ரெண்டு பிளேட் மோதினா மலை எப்படி வருது? இமயமலையை வச்சு ஒரு விளக்கம்

கேள்வி இதுதான்: பூமியோட பிளேட்டுங்க (மேற்பரப்பைத் துண்டு துண்டா மூடிக்கிட்டு மெதுவா நகர்ற பெரிய பாறைப் பலகைங்க) ஒண்ணை ஒண்ணு நெருங்கி வர்ற இடத்துல மலைத்தொடர் எப்படி உருவாகுது, கடல் பக்கம் ஒரு பிளேட் இன்னொண்ணுக்கு அடியில போயிடும்னு ஸ்கூல்ல படிச்சோமே, அப்புறம் இமயமலையில மட்டும் ஏன் மேல எழும்புச்சு, அங்க ஏன் எரிமலை இல்ல, இன்னும் வளருதா? நாலும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கு, அதனால சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மொதல்ல ஒரு படத்தை மனசுலேர்ந்து எடுத்துடுங்க. யூட்யூப் அனிமேஷன்ல ரெண்டு நிலம் வேகமா வந்து முட்டும், முட்டின இடம் கூரா மேல கெளம்பும். அதைப் பாத்துப் பாத்து மலைன்னா மேல போன ஒரு பொருள்னு பதிஞ்சிடுது. உண்மையில மலைத்தொடர்ங்கிறது பூமியோட மேலோடு தடிச்சுப்போன இடம். அந்தத் தடிப்புல பெரும்பகுதி கீழதான் போயிருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியறது மிச்சம் கொஞ்சம். இதைப் புடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வெளங்கும்.

மேலோடு ரெண்டு வகை. கடலுக்கு அடியில இருக்கிறது பசால்ட் மாதிரி கனமான பாறை, தடிமன் 7 கிலோமீட்டர் பக்கம்தான், அடர்த்தி தண்ணியைப் போல 3 மடங்கு. கண்டத்தோட மேலோடு கிரானைட் மாதிரி லேசான பாறை, சராசரியா 35 கிலோமீட்டர் தடிமன், அடர்த்தி 2.7, 2.8 அந்த ரேஞ்ச். ரெண்டுக்கும் கீழ இருக்கிற மேன்டிலோட அடர்த்தி சுமார் 3.3. கடல் மேலோடு பொறந்த புதுசுல சூடா இருக்கும், வருஷம் போகப் போக ஆறி, அடியில மேன்டிலும் ஆறி ஒட்டிக்கிட்டு, மொத்தமா கனத்துப் போயிடும், அப்ப ஒரு கண்டத்தோட விளிம்புல வந்து நின்னா வளைஞ்சு உள்ள எறங்கிடும். அதுதான் சப்டக்ஷன். கண்டத்தோட மேலோடு எவ்வளவு பழசானாலும் லேசாத்தான் இருக்கும், அதை முழுசா மேன்டிலுக்குள்ள அமுக்க முடியாது. இமயமலையோட முழு கதையும் இந்த ஒரு வித்தியாசத்துலதான் இருக்கு.

கடல் பிளேட் உள்ள போற இடத்துலயும் மலை வரும், அதுக்கு ஆண்டிஸ் தான் பெரிய உதாரணம். பசிபிக் பக்கம் இருக்கிற நாஸ்கா பிளேட் தென் அமெரிக்காவுக்கு அடியில வருஷத்துக்கு சுமார் 7 சென்டிமீட்டர் வேகத்துல போய்க்கிட்டு இருக்கு. அது 100 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போறப்ப, கடலுக்கு அடியில இருந்த காலத்துல பாறைக்குள்ள புடிச்சு வச்சிருந்த தண்ணியை வெளிய விடுது, அந்தத் தண்ணி மேல இருக்கிற சூடான மேன்டில்ல கலந்தா அந்தப் பாறையோட உருகுநிலை கொறஞ்சிடுது. நெறைய பேர் நெனைக்கிற மாதிரி பிளேட் ஆழத்துக்குப் போய் சூட்டுல உருகறதால வர்ற எரிமலை இல்ல அது, பெரும்பாலும் தண்ணி செய்யற வேலை. அப்படி உருகின மேக்மா மேல ஏறி எரிமலையாவும் வருது, உள்ளயே ஒறைஞ்சு மேலோட்டைத் தடிப்பாக்கவும் செய்யுது. கூடவே ரெண்டு பக்க அழுத்தத்துல கண்டத்தோட விளிம்பு சுருங்கி மடியுது. அகோன்காகுவா 6,961 மீட்டர் நிக்கிறது இந்த ரெண்டும் சேர்ந்துதான். 1960ல சிலில வந்த 9.5 நிலநடுக்கம், கருவியில பதிவானதுலயே பெருசு, அதுவும் இதே கோட்டுலதான் வந்துச்சு.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். ஒரு காலத்துல இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அன்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானாங்கிற ஒரே நிலமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுலேர்ந்து பிரிஞ்சு, கடைசியா சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னாடி மடகாஸ்கரையும் விட்டு, இந்தியா வடக்கே கெளம்புச்சு. அதுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல டெத்திஸ்னு ஒரு பெரிய கடல். அந்தக் கடலோட தரை ஆசியாவுக்கு அடியில சப்டக்ஷன் ஆகிட்டே இருந்துச்சு, போற போக்குல இந்தியாவையும் சேர்த்து இழுத்துச்சு. டைனோசர் அழிஞ்ச காலத்தை ஒட்டி இந்தியா வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல ஓடியிருக்கு, கண்டம் சுமக்கிற ஒரு பிளேட்டுக்கு இது அசாத்திய வேகம், ஏன் அவ்வளவு வேகம்னு இன்னிக்கும் விவாதம் நடக்குது. கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த சமயத்துல ஆசியாவோட தெற்கு ஓரம் இன்னிக்கு ஆண்டிஸ் இருக்கிற மாதிரியே இருந்துச்சு, எரிமலை வரிசையோட. லடாக் போனவங்க லே பக்கத்துல பாக்கிற வெளிர் நிற கிரானைட் மலைங்க அந்த எரிமலைகளுக்கு அடியில ஒறைஞ்ச மேக்மாதான், மேல இருந்த எரிமலைங்க எல்லாம் தேய்ஞ்சு போயிடுச்சு.

சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி டெத்திஸ் கடல் தீந்துபோச்சு. கடல் தரை முழுக்க உள்ள போனதும் அது பின்னாடியே இந்தியக் கண்டம் வந்து வாசல்ல நின்னுச்சு. முன் ஓரம் மட்டும் கொஞ்சம் உள்ளயும் இழுபட்டுப் போச்சு, அதுக்கு சாட்சி லடாக்ல த்சோ மொராரி ஏரிப் பக்கம் கெடக்கிற பாறைங்க. குவார்ட்ஸ் ரொம்ப அழுத்தத்துல கோயசைட்னு வேற ஒரு கனிமமா மாறும், அந்தக் கோயசைட் துணுக்குங்க அங்க கெடைச்சிருக்கு. அப்படின்னா இந்தியாவோட ஒரு துண்டு 90, 100 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் போயி, லேசா இருந்த ஒரே காரணத்தால திரும்பி மேல வந்திருக்கு! கண்டம் உள்ள போகாதுங்கிறதுக்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேண்டியதில்ல, போனதும் திரும்பிடுச்சு.

அப்ப இந்தியாவோட வேகம் கொறஞ்சது, வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் பக்கம் வந்துச்சு, ஆனா நிக்கல. இன்னிக்கு வரைக்கும் நிக்கல. இவ்வளவு நிலம் தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தா எங்கயாவது போகணும்ல? மேலோடு அடுக்கடுக்கா உரிஞ்சு, ஒரு அடுக்கு மேல இன்னொரு அடுக்கு ஏறிக்கிச்சு. மொதல்ல வடக்குல ஒரு பெரிய பிளவு உண்டாகி அதுல பாறை தெற்கு நோக்கி ஏறுச்சு, அது ஓய்ஞ்சதும் அதுக்குத் தெற்க இன்னொண்ணு, அப்புறம் இன்னும் தெற்க இன்னொண்ணு. ஜியாலஜிகாரங்க மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட், மெயின் பவுண்டரி த்ரஸ்ட், மெயின் ஃப்ரன்டல் த்ரஸ்ட்னு சொல்றது இந்த மூணைத்தான். கடைசில இருக்கிற சிவாலிக் குன்றுங்க ரொம்ப விசேஷம். இமயமலையிலேர்ந்து ஆறு அடிச்சுக்கிட்டு வந்து போட்ட மணலும் கூழாங்கல்லும்தான் அது, அந்த வண்டலே பிற்பாடு மோதல்ல மாட்டி மடிஞ்சு மலையாயிடுச்சு, உள்ள பழைய யானை வகைகளோட எலும்பெல்லாம் கெடைக்குது.

"கடல் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்"னு அடுத்து கேப்பீங்க. எவரெஸ்ட் உச்சியில இருக்கிறது சுண்ணாம்புக்கல், அதுல ட்ரைலோபைட், கடல் அல்லி மாதிரி உயிரினங்களோட துணுக்குங்க இருக்கு. பாறையோட வயசு 45 கோடி வருஷத்துக்கு மேல. இங்க நெறைய பேர் குழம்பறாங்க, மலை 5 கோடி வருஷம்னா பாறை எப்படி 45 கோடி? பாறை கடலுக்கடியில ரொம்ப முன்னாடியே படிஞ்சது, மலையா தூக்கப்பட்டது பின்னாடி. ரெண்டு வயசும் வேற வேற.

ஆனா எவரெஸ்ட் வரைக்கும் போக வேண்டாம், நம்ம ஊர்ல நெறைய வீட்டு பூஜை ரூம்லயே அந்தக் கடல் இருக்கு. சாளக்கிராமக் கல்லைத்தான் சொல்றேன். நேபாளத்துல முக்திநாத், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, ஆழ்வார்கள் பாடின தலம், சுமார் 3,700 மீட்டர் உயரம். அந்தப் பக்கமா ஓடற காளி கண்டகி ஆத்துல கெடைக்கிற கறுப்பு உருண்டைக் கல்தான் சாளக்கிராமம். ஒண்ணை கையில எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. மேல வழவழன்னு இருக்கும், ஒரு பக்கம் ஓட்டை இருந்தா உள்ள சுருள் சுருளா, ஒவ்வொரு சுத்துலயும் நெருக்கமா வரி வரியா ஓடறது தெரியும், சக்கரம்னு கும்பிடறது அதைத்தான். அது அம்மோனைட்ங்கிற கடல் உயிரினத்தோட ஓடு, சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன்னாடி டெத்திஸ் கடல்ல நீந்தினது. செத்து அடியில கறுப்புச் சேத்துல பொதைஞ்சு, ஓட்டைச் சுத்தி இருந்த சேறு மத்த இடத்தைவிடக் கெட்டியா இறுகி உருண்டையாச்சு. கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு அந்தச் சேத்துப் பாறையே மலையாத் தூக்கப்பட்டு, ஆறு அதை அரிச்சு உருண்டையை மட்டும் உருட்டிக்கிட்டு வருது. இதுல பக்திக்கு எந்தக் குறையும் இல்லைன்னுதான் நான் நெனைக்கிறேன், கல்லோட வயசும் பயணமும் தெரிஞ்சா அதைக் கையில எடுக்கிறப்ப மரியாதை கூடத்தான் செய்யுது.

இதோட அரியலூரை வச்சுப் பாருங்க. அரியலூர், பெரம்பலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்லயும் அம்மோனைட் கெடைக்குது. அங்கயும் ஒரு காலத்துல கடல் ஏறி வந்து பிறகு பின்வாங்கிப் போச்சு. ஆனா அங்க எந்தக் கண்டமும் வந்து முட்டல, அதனால அந்த ஓடுங்க கிட்டத்தட்ட படிஞ்ச எடத்துலயே, கடல் மட்டத்துலேர்ந்து பெருசா ஒசராம கெடக்கு. ஒரே வகை உயிரினம், ஒரே மாதிரி புதைவு, ஒண்ணு சமவெளியில, இன்னொண்ணு 4 கிலோமீட்டர் ஒசரத்துல. பிளேட் மோதல்னா என்ன செய்யும்ங்கிறதை இதைவிடச் சுலபமா காட்ட முடியாது.

சரி, மலையோட பெரும்பகுதி கீழ இருக்குன்னு ஆரம்பத்துல சொன்னேன், அது எப்படித் தெரிஞ்சதுங்கிற கதைக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பு உண்டு. 1802ல வில்லியம் லாம்டன்ங்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்துல அளவைக்கு அடிப்படையா ஒரு நேர்கோட்டுத் தூரத்தை அளந்து இந்தியாவோட பெரிய நில அளவையை ஆரம்பிச்சார். அந்த அளவை மெதுமெதுவா வடக்கே போச்சு, லாம்டனுக்கு அப்புறம் ஜார்ஜ் எவரெஸ்ட் எடுத்து நடத்தினார். வடக்கே கலியானா, அதுக்கு 600 கிலோமீட்டர் தெற்கே கலியான்பூர், இந்த ரெண்டு ஊருக்கும் இடையில இருக்கிற தூரத்தை ரெண்டு வழியில கணக்குப் போட்டாங்க, ஒண்ணு தரையில அளந்து, இன்னொண்ணு நட்சத்திரத்தைப் பாத்து. கோணக் கணக்குல 5.24 விநாடி வித்தியாசம் வந்துச்சு (இது நேரம் இல்ல, ஒரு டிகிரியை 3,600ஆப் பிரிச்சா வர்ற கோண விநாடி). சின்ன வித்தியாசம்தான், ஆனா அவங்க அளவையில அவ்வளவு பிழைக்கு இடமே இல்ல. நட்சத்திரத்தைப் பாத்து அளக்க நேர் செங்குத்து எதுன்னு தெரியணும், அதுக்குத் தூக்குக்குண்டை நம்பணும், இமயமலையோட எடை அந்தக் குண்டைத் தன் பக்கம் லேசா இழுத்திருக்கும்னு ஜான் பிராட்ங்கிறவர் கணக்குப் போட்டுப் பாத்தார். இவர் கல்கத்தாவுல பாதிரியார், கணக்குல கெட்டிக்காரர். அவர் கணக்குப்படி வித்தியாசம் 15 விநாடிக்கு மேல வரணும். வந்ததோ மூணுல ஒரு பங்கு! அவ்வளவு பெரிய மலை, ஆனா இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கல.

1855ல ஜார்ஜ் ஏரிங்கிற (Airy) இங்கிலாந்து வானியலாளர் இதுக்கு ஒரு விடை சொன்னார். மலைக்குக் கீழ லேசான பாறையாலான ஒரு வேர் இருக்கு, கனமான மேன்டில் இருக்க வேண்டிய எடத்தை அது புடிச்சிருக்கு, அதனால மொத்த இழுப்பு கொறையுது. தண்ணியில மிதக்கிற மரக்கட்டை மாதிரிதான், தடியான கட்டை மேலயும் கூடுதலா நிக்கும், கீழயும் கூடுதலா முங்கியிருக்கும். பிளேட் டெக்டானிக்ஸ் வர்றதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு தூக்குக்குண்டை வச்சு மலையோட அடிவயித்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க, எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் புடிச்ச கதை இது. இப்ப நிலநடுக்க அலைகளை வச்சுப் பாத்தா திபெத்துக்கு அடியில மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன் இருக்கு, சாதாரண கண்டத்தைப் போல ரெண்டு மடங்கு. நீங்களே கணக்குப் போடலாம்: மேன்டில் 3.3, மேலோடு சராசரி 2.8, வித்தியாசம் 0.5, அதை 3.3ஆல வகுத்தா ஏறக்குறைய ஏழுல ஒரு பங்கு. அதாவது மேலோடு கூடுதலா 7 கிலோமீட்டர் தடிச்சா 1 கிலோமீட்டர்தான் மேல தெரியும், 6 கீழ போயிடும். திபெத்துல கூடுதல் தடிமன் 35 கிலோமீட்டர், ஏழால வகுங்க, 5 வருது. திபெத் பீடபூமியோட சராசரி உயரம் 5 கிலோமீட்டர் பக்கம்தான். கச்சிதமா உக்காருது.

எரிமலை ஏன் இல்லைங்கிறதுக்கும் இப்ப பதில் வந்திருக்கும். தண்ணி சுமந்துக்கிட்டு உள்ள போற கடல் தரை தீந்துபோச்சு, அதனால மேன்டிலை உருக்கறதுக்கு ஆள் இல்ல. தடிச்ச மேலோட்டுக்குள்ள சூட்டுல கொஞ்சம் உருகினதும் மேல வராம கிரானைட்டா ஒறைஞ்சிடுச்சு. பத்ரிநாத்ல வெந்நீர் ஊற்று இருக்கேன்னா, அது மழைத்தண்ணியும் பனித்தண்ணியும் பிளவு வழியா ஆழத்துக்குப் போய் சூடாகி திரும்பி வர்றது, அடியில எரிமலை இருக்குன்னு அர்த்தமில்ல. ஆனா இதே இந்திய பிளேட்டோட கிழக்கு ஓரத்துல, அந்தமான் சுமத்ரா பக்கம், இன்னும் கடல் தரைதான் உள்ள போகுது. அதனால அங்க பேரன் (Barren) தீவுல எரிமலை இருக்கு, இந்தியாவோட ஒரே செயல்படற எரிமலை. 2004 டிசம்பர் 26 சுனாமியும் அந்தக் கோட்டுல வந்ததுதான். நாகப்பட்டினத்துல அலை வந்ததும் எவரெஸ்ட் ஒசந்து நிக்கிறதும் ஒரே பிளேட்டோட நகர்வாலதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் இப்படி வந்ததான்னு நெறைய பேர் கேக்குறாங்க, இல்ல. அது கண்டம் கிழிஞ்சு பிரிஞ்சப்ப உண்டான விளிம்பு, மோதல் மலை கெடையாது. ஆனா பாறைங்க பழைய மோதல்களைப் பாத்ததுங்க. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கெடைக்கிற சார்னகைட்டை எடுத்துக்கங்க, கருநீலமா பிசுபிசுன்னு எண்ணெய் தடவின மாதிரி மின்னும். கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் கொண்டுபோய் வச்சிருக்காங்க, அதுலேர்ந்துதான் பேரே வந்துச்சு. அந்தக் கனிமங்க சேர்ந்து உருவாகணும்னா 20, 25 கிலோமீட்டர் ஆழத்துல இருக்கிற சூடும் அழுத்தமும் வேணும். அது இன்னிக்கு ரோட்டோரம் வெளிய நிக்குதுன்னா அதுக்கு மேல அவ்வளவு தடிமன் பாறை இருந்து தேய்ஞ்சு போயிருக்கு. இமயமலையோட அடிப்பாகமும் இப்ப அந்த மாதிரி ஒரு நெலமையிலதான் வெந்துக்கிட்டு இருக்கு.

தேய்மானத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. மலை ஏறறப்பவே மழையும் பனியாறும் அதை அரிக்குது. மேலேர்ந்து எடை கொறைய கொறைய அடியில இருக்கிற வேர் மேல எழும்பும், 1 கிலோமீட்டர் அரிச்சா சுமார் 850 மீட்டர் திரும்ப எழும்பிடும், அதனாலதான் மலை அவ்வளவு சீக்கிரம் அழியறதில்ல. இமயமலையோட மேற்குக் கோடியில இருக்கிற நங்க பர்வதத்துல இது அதிவேகமா நடக்குது, அங்க 10 லட்சம் வருஷம்கூட ஆகாத கிரானைட் வெளிய தெரியுது, பாறை வயசுல அது பச்சைக்குழந்தை. அரிச்ச மண்ணெல்லாம் கங்கை, பிரம்மபுத்திரா வழியா வங்காள விரிகுடாவுல போய்ப் படிஞ்சு 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இலங்கையையும் தாண்டிப் போகுது. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா எல்லாம் மலையைக் குறுக்கா வெட்டிக்கிட்டு வர்றதுக்குக் காரணம், மலை முழு உயரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த ஆறுங்க அங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கடைசியா, இன்னும் வளருதா? வளருது, ஆனா சீரா இல்ல. இந்தியாவோட நகர்வுல வருஷத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் இமயமலையில செலவாகுது. அடியில இருக்கிற பெரிய பிளவு சாதாரண நாள்ல இறுகிப் பூட்டிக்கிட்டு இருக்கும், அதனால அந்த 2 சென்டிமீட்டரும் பாறையில அழுத்தமா சேந்துக்கிட்டே போகும், ஒரு நாள் விட்டுடும். 2015 ஏப்ரல் 25 நேபாளத்துல 7.8 அளவுல விட்டது அப்படித்தான், சுமார் 9,000 பேர் செத்தாங்க. காத்மாண்டு சமவெளி சில விநாடியில 1 மீட்டர் பக்கம் ஒசந்துச்சு, வடக்குல இருக்கிற ஒசந்த மலைங்க கொஞ்சம் எறங்குச்சு. எவரெஸ்ட்டோட உயரத்தை 2020ல நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 மீட்டர்னு அறிவிச்சதுக்கு இந்த நிலநடுக்கத்துக்கு அப்புறம் திரும்ப அளக்கணும்ங்கிற தேவையும் ஒரு காரணம். மேல ஒரு வரம்பும் இருக்கு, தடிச்ச மேலோட்டோட அடிப்பகுதி சூடாகி இளகிடும், எடை தாங்காம பக்கவாட்டுல பரவ ஆரம்பிக்கும். திபெத் இப்பவே கிழக்கு மேற்கா விரிஞ்சுக்கிட்டு இருக்கு.

எனக்குக் கவலையா இருக்கிற இடம் மேற்கு நேபாளத்துலேர்ந்து உத்தராகண்ட் வரைக்கும் உள்ள துண்டு. 1905ல இமாச்சல்ல காங்ராவும் 1934ல பீகார் நேபாள எல்லையும் ஆடுச்சு, நடுவுல இருக்கிற இந்தப் பகுதியில 1505க்கு அப்புறம் அந்த அளவுக்குப் பெருசா எதுவும் வரல. வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர்னா 500 வருஷத்துக்கு 10 மீட்டர் நகர்வு பாக்கி இருக்கு. அதுக்கு மேலதான் இன்னிக்கு சரிவை வெட்டி அஞ்சு மாடி ஓட்டலும் சார்தாம் ரோடும் போட்டுக்கிட்டு இருக்கோம். என்னிக்கு விடும்னு தேதி சொல்ற கருவி எதுவும் கெடையாது, அங்க கட்டற ஒவ்வொரு கட்டடமும் அதைத் தாங்கற மாதிரி இப்பவே கட்டறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.